பிள்ளையின் கைக்கு எட்டும் இடம்

காலை ஏழரை மணி. மதரஸாவிலிருந்து ஓடி வந்த மகன் பள்ளிச் சீருடைக்கு மாறிக்கொண்டிருக்கிறான். ஒரு சாக்ஸ் கிடைத்துவிட்டது, மற்றொன்றைக் காணோம். கணக்கு நோட்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. "உம்மா, என் பெல்ட்டைப் பார்த்தீங்களா?" என்ற சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து உம்மா ஓடி வருகிறார். தேடுகிறார், திட்டுகிறார். சில நாட்களில் முதுகில் ஓர் அடியும் விழுந்துவிடுகிறது. அழுத கண்ணோடு பிள்ளை வேனில் ஏறுகிறான். வேன் போன பிறகு உம்மாவுக்கும் மனசு ஆறுவதில்லை.

நம் அறக்கட்டளையின் பெண்கள் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் குறை இது. "எத்தனை தடவை சொன்னாலும் எடுத்த பொருளை இடத்தில் வைக்க மாட்டான்" என்பார்கள். அப்போது நாம் ஒரு கேள்வி கேட்பதுண்டு: அந்த சாக்ஸுக்கு உங்கள் வீட்டில் இடம் எது? பெரும்பாலும் பதில் வராது. நாற்காலியின் முதுகு, கொடிக்கயிறு, கட்டிலின் ஓரம் என்று ஒவ்வொரு நாளும் ஓர் இடம். இடமே இல்லாத பொருளை இடத்தில் வைக்கவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. இடத்தை ஏற்படுத்திக் கொடுப்பது பெரியவர்களின் வேலை. அதில் வைப்பதுதான் பிள்ளையின் வேலை.

இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டார். இத்தாலியைச் சேர்ந்த மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார். அங்கே பொருட்களையெல்லாம் பெரிய அலமாரியில் வைத்து ஆசிரியை பூட்டி வைப்பார். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் வந்து பார்த்தால், பிள்ளைகள் தாங்களே திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் குற்றமாகப் பார்க்காத மாண்டிசோரி, பூட்டிய அலமாரிக்குப் பதிலாகப் பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற தாழ்வான அலமாரிகளை வைத்தார். தாமே எடுக்கும் பிள்ளைகள் தாமே திருப்பி வைக்கவும் பழகினார்கள். 1939-ல் அவர் சென்னைக்கு வந்து, அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

பிள்ளைக்கென்று தனி அறை உள்ள வீடு நம்மில் குறைவுதான். பத்துக்குப் பத்து அறையில் மூன்று பிள்ளைகள் படுக்கும் வீடுகளே அதிகம். அதனால் கீழே சொல்பவை ஓர் அறைக்கும் பொருந்தும், கூடத்தின் ஒரு மூலைக்கும் பொருந்தும்.

முதலில் குறையுங்கள்

அடுக்குவதற்கு முன் குறைக்க வேண்டும். சின்னதாகிப் போன உடுப்பு, சக்கரம் இல்லாத கார், எழுதித் தீர்ந்த நோட்டு எல்லாவற்றையும் ஒரு பாயில் கொட்டிப் பிரியுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். அவன் பள்ளிக்குப் போன நேரத்தில் அவன் பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை எதையும் விடாமல் பதுக்கி வைப்பான். நமக்குக் குப்பையாகத் தெரியும் ஒன்று அவனுக்கு உயிராக இருக்கலாம். அப்படிப்பட்டவற்றுக்கு ஒரு சிறிய பெட்டி கொடுத்துவிடுங்கள். பெட்டி நிறைந்தால் எது போக வேண்டும் என்று அவனே முடிவு செய்யட்டும்.

விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 சின்னஞ்சிறு குழந்தைகளை 4 சாமான்களோடு ஒரு முறையும் 16 சாமான்களோடு ஒரு முறையும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். 2018-ல் வெளியான ஆய்வு இது. ஆகவே பாதியைப் பரணில் ஏற்றிவிட்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றிக் கொடுங்கள். பழைய சாமானும் புதிதாகத் தெரியும், அள்ளி வைக்க வேண்டியதும் பாதியாகும்.

பிறகு இடம் கொடுங்கள்

அறையில் பிள்ளையின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து பாருங்கள். அவனுக்கு எது தெரிகிறது, எது எட்டுகிறது என்பது அப்போது விளங்கும். நம் தோள் உயரத்தில் அடித்த கொக்கியில் ஆறு வயதுப் பிள்ளை பையை மாட்ட முடியாது. அதை அவன் நெஞ்சு உயரத்துக்கு இறக்குங்கள்.

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். செருப்புப் பெட்டி, ஐஸ்கிரீம் டப்பா, பழைய பிளாஸ்டிக் கூடை போதும். மூடி வேண்டாம். திறந்து, வைத்து, மூட வேண்டும் என்றால் பிள்ளை மேலேயே வைத்துவிட்டுப் போய்விடும். ஒரு கூடையில் ஒரு வகைதான் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கூடையின் முன்னால் படம் வரைந்து ஒட்டுங்கள்.

காலையில் தேவைப்படும் பள்ளிப் பை, பெல்ட், சாக்ஸ், அடையாள அட்டை எல்லாம் கதவுக்கு அருகே ஒரே இடத்தில் இருக்கட்டும். மதரஸாப் பைக்குத் தனிக் கொக்கி, தரையில் படாத உயரத்தில். பிள்ளைகளுக்குப் பத்து வயதானால் படுக்கையைப் பிரிக்க வேண்டும் என்பது நபிமொழி. இடம் குறைந்த வீட்டிலும் ஆளுக்கொரு பாய், தலையணை, போர்வை என்று வேறு வேறு நிறத்தில் கொடுத்துவிட்டால், காலையில் யாருடையதை யார் மடிப்பது என்ற சண்டையும் இருக்காது.

எட்டக் கூடாதவை

எல்லாம் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்குச் சில விலக்குகள் உண்டு. துணிகளுக்கு இடையே போடும் பாச்சை உருண்டையைச் சிறு பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடுவார்கள். அது நஞ்சு. அதற்குப் பதில் நன்றாகக் காய்ந்த வேப்பிலையைப் போடலாம். பொம்மைகளிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் போன்ற வட்ட பேட்டரியை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். விழுங்கிய சந்தேகம் வந்தாலே தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். உயரமான அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கிவிடுங்கள். இழுப்பறையில் கால் வைத்து ஏறும் பிள்ளையின் மேல் அலமாரியே சாய்ந்துவிடும்.

தினமும் பத்து நிமிடம்

இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். "அறையை ஒழுங்குபடுத்து" என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. "புத்தகங்களை மட்டும் எடுத்து வை" என்று சொல்லுங்கள். அது முடிந்ததும் அடுத்தது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் கூடவே உட்கார்ந்து செய்யுங்கள். பிள்ளை கோணலாக அடுக்கியதை அவன் கண் முன்னே எடுத்துத் திருத்தி வைக்காதீர்கள். தான் செய்தது செல்லாது என்று நினைத்துவிட்டால் மறுநாள் கை வைக்க மாட்டான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் காக்கா விளையாடிப் போட்டதை ராத்தாவோ தங்கச்சியோ பொறுக்கி வைக்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாருக்கு வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என்பதை நாம் மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஆண் பிள்ளை தன் பாயைத் தானே சுருட்டுவதிலிருந்து அது நம் வீட்டில் தொடங்கட்டும். வாப்பா தன் சட்டையைக் கொக்கியில் மாட்டுவதைப் பார்த்தால் மகனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

கொடுப்பதற்கும் நேரம் உண்டு

பெருநாளுக்கு எடுத்த உடுப்பை இரண்டு தடவை உடுத்துவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. அது மூன்று வருடம் பீரோவில் கிடந்து, மடிப்பில் மஞ்சள் ஏறிய பிறகு கொடுக்கப்படுகிறது. வாங்குகிற பிள்ளைக்கும் ஆசை உண்டு. வருடத்தில் இரண்டு முறை, பள்ளி திறப்பதற்கு முன்பும் ரமளானுக்கு முன்பும், பிள்ளையோடு உட்கார்ந்து பிரியுங்கள். துவைத்து, பொத்தான் தைத்து, அளவு வாரியாகக் கட்டி, பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். கிழிந்ததைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றே எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். இன்று இரவு சாக்ஸுக்கு மட்டும் ஒரு டப்பா வையுங்கள், பிள்ளையின் கைக்கு எட்டுகிற மாதிரி. நாளைக் காலை ஒரு தேடல் குறையும், இன்ஷா அல்லாஹ்.