முயல் உண்ண மறுத்தால்

நம் பள்ளியின் அறிவியல் மூலையில் சில காலம் ஒரு வெள்ளை முயல் இருந்தது. சிறு வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் புல் கொண்டு வருவார்கள். ஆறாம் ஆண்டு மாணவர்கள் முறை வைத்துக் கூண்டைக் கழுவுவார்கள். வார விடுமுறைக்கு முந்திய நாளொன்றில் யாரோ ஒரு பிள்ளைக்குப் பிறந்த நாள். அன்பு மிகுதியால் கேக்கும் பிஸ்கட்டும் ரொட்டித் துண்டுகளும் கூண்டுக்குள் சென்றன. பிற்பகலில் அம்முயல் முதுகைக் கூனிக்கொண்டு ஒரு மூலையில் அமர்ந்திருந்ததை நாமும் கண்டோம். 'உண்ட களைப்பு' என்று சொல்லிக்கொண்டு வீடு சென்றோம். விடுமுறை கழிந்து வந்தபோது அது இறந்து கிடந்தது. கூண்டின் தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை என்பதை அன்றுதான் கவனித்தோம்.

பாசிர் கூடாங் வட்டாரத்துத் தாமான் வீடுகளிலும், சுற்றியுள்ள தோட்டத்து லயங்களிலும் முயல் வளர்க்கும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். அன்று நாம் அறியாதிருந்ததை அவர்களுக்காகவும் அவர்தம் பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறோம்.

முயலும் மாட்டைப் போலப் புல் தின்னும் பிராணியே. ஆயினும் மாட்டைப் போல் அசை போடுவதில்லை. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் அதற்கு ஒரு பெரிய பை உண்டு. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அப்பையில் குடியிருந்து, புல்லைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. தின்ற புல்லின் முரட்டு நார் பைக்குள் போகாமல் விரைந்து கடந்து, உருண்டையான உலர்ந்த புழுக்கையாக வெளிவரும். பைக்குள் புளித்தது வேறு வகையாக, மென்மையாக, சிறு திராட்சைக் குலைபோல் பளபளப்பாக வரும். இதனை முயல் தன் வாயாலேயே எடுத்து உண்டுவிடும். பிள்ளைகள் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. அருவருக்க வேண்டியதில்லை, மாடு அசை போடுவதற்கு ஈடான செயலே இது. முதல் முறை பெறத் தவறிய சத்தை இரண்டாம் முறை பெறுகிறது.

இவ்வளவும் நடைபெற, குடல் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அதனை அசைய வைப்பது முரட்டு நார்தான். முயலுக்கு வாந்தி எடுக்கும் ஆற்றல் கிடையாது. வாயால் உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். குடலின் அசைவு தளர்ந்தால் உள்ளே இருப்பது உலர்ந்து இறுகுகிறது; காற்று சேர்கிறது; வலி உண்டாகிறது. வலியால் முயல் உண்ண மறுக்கிறது. உண்ணாததால் குடல் மேலும் தளர்கிறது. இச்சுழலை நிறுத்தாவிடில், ஓரிரு நாள்களில் ஈரலும் கெட்டு உயிர் போகும்.

குடல் ஏன் தளர்கிறது? நார் குறைந்த உணவே பெரும்பாலும் காரணம். ரொட்டி, சோறு, பிஸ்கட், இனிப்புப் பழம் முதலியவை அப்பையில் வாழும் நல்ல நுண்ணுயிர்களைக் குலைத்துத் தீயவற்றைப் பெருகச் செய்யும். படப் புத்தகங்களில் முயல் எப்பொழுதும் கேரட்டும் கையுமாகவே காணப்படுகிறது. அப்படங்களை வரைந்தவர்கள் முயல் வளர்த்திருக்க மாட்டார்கள் போலும். கேரட்டில் சர்க்கரை உண்டு. விரல் நுனியளவு துண்டு போதும். அச்சமும் ஒரு காரணமே. நாய் குரைத்தாலும், தீபாவளிக்குப் பட்டாசு வெடித்தாலும் முயல் உணவை வெறுத்து நின்றுவிடும். வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும் அதன் பற்கள் கோணலாக நீண்டு வாயைக் குத்தினாலும் அதே நிலைதான். குடிக்க நீர் போதாவிடினும் அவ்வாறே.

வெப்பத்தைத் தனியே சொல்ல வேண்டும். வீட்டு முயலின் முன்னோர் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் வளை தோண்டி வாழ்ந்தவை. தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி நடைபெறும் மன்னவனூர், கொடைக்கானல் மலையின் குளிர்ந்த காற்றில் இருக்கிறது. நாமோ கடலோரச் சமவெளியில், 30 பாகைக்கு மேல் வெயில் அடிக்கும் ஊரில், தகரக் கூரையின் கீழ் கூண்டை வைக்கிறோம். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. காதுகளின் வழியேதான் சூட்டை வெளியேற்றும். கூண்டை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், தரையை ஒட்டி வையுங்கள். நண்பகலில் உறைந்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால், அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

புல் எங்கே அறுப்பது என்பதும் நம் ஊரில் சிறு கேள்வியன்று. தோட்டங்களில் களைக்கொல்லி அடிப்பார்கள். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி மலேசியாவில் 2020 சனவரி முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஏனைய களைக்கொல்லிகள் இன்றும் அடிக்கப்படுகின்றன. எந்த நிரையில் எப்பொழுது மருந்து அடித்தார்கள் என்பதைத் தோட்டத் தொழிலாளராகிய பெற்றோரே நம்மைவிட நன்கறிவர். பிள்ளைகள் புல் அறுக்கப் புறப்படுமுன் அவர்களைக் கேட்டுச் செல்ல வேண்டும். தொழிற்சாலைகளை ஒட்டிய கால்வாய், ஆற்றங்கரைப் புல்லும் வேண்டாம். 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்று, இவ்வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டதை நம் வீடுகளில் எவரும் மறந்திருக்க மாட்டார். அப்படிப்பட்ட இடத்தில் முளைத்த புல் முயலுக்கு ஏற்றதாகுமா?

இனி, நோய் கண்டபின் செய்யத்தக்கவை.

தன் நோயை மறைப்பது முயலின் இயல்பு. காட்டில் தளர்ந்த முயலைத்தானே நரி முதலில் பிடிக்கும்! ஆதலால் முகத்தைப் பார்த்து அறிய முடியாது. தட்டைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். நலமான முயல் நாளொன்றுக்கு இருநூறுக்கு மேற்பட்ட புழுக்கைகள் இடும். காலையில் அவை குறைந்திருந்தாலும், சிறுத்திருந்தாலும், மயிரால் கோத்த மணிபோல் தொடர்ந்திருந்தாலும் ஐயம் கொள்ளுங்கள். அதற்கு மிகப் பிடித்த இலையொன்றை மூக்கருகே நீட்டிப் பாருங்கள். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால், அந்த நேரத்தைத் தாளில் குறித்து வையுங்கள். பற்களை நறநறவென்று கடிப்பதும், வயிற்றைத் தரையில் அழுத்திப் படுப்பதும் வலியின் அடையாளங்கள்.

தொடக்க நிலையில், முயல் விழிப்புடனும் வயிறு மெத்தென்றும் இருந்தால், வீட்டில் சில செய்யலாம். உருண்டைத் தீவனத்தையும் பழத்தையும் நிறுத்திவிட்டு, புதுப் புல்லையும் உலர்புல்லையும் மட்டும் முன்னே வையுங்கள். இலைகளை நீரில் நனைத்தே கொடுங்கள். அவ்வழியாகவும் நீர் உள்ளே செல்லும். புட்டியில் குடித்துப் பழகிய முயலுக்கு ஒரு கிண்ணத்திலும் நீர் வையுங்கள். கூண்டிலிருந்து எடுத்துத் தரையில் உலவ விடுங்கள். நடந்தால் குடலும் அசையும். காதுகள் சில்லிட்டிருந்தால், வெந்நீர்ப் புட்டியைத் தடித்த துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். காதுகள் மிகச் சுட்டு, மூச்சு வாங்கினால் அது வெப்பத் தாக்கு. ஈரத் துணியால் காதுகளைத் துடைத்தபடி மருத்துவரிடம் விரைய வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்கக் கூடாது.

பாட்டிமார் குழந்தைகளுக்குத் தரும் ஓமநீர், பெருங்காயம், விளக்கெண்ணெய் ஆகியவற்றை முயலுக்குக் கொடுக்க வேண்டாம். வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தத்தைக் கெடுப்பவை. வீட்டில் மிஞ்சிய அமோக்சிசிலின் மாத்திரையைக் கரைத்துப் புகட்டுவது எல்லாவற்றினும் கொடிது. அது நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலையே கொன்றுவிடும். நம் ஜொகூர் அன்னாசிக்குப் பெயர் பெற்றதாயிற்றே! வயிற்றில் சேர்ந்த மயிர்ப்பந்தை அன்னாசிச் சாறு கரைக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பழைய புத்தகங்களிலும் அவ்வாறே இருந்தது. அச்சாறு மயிரைக் கரைப்பதில்லை, சர்க்கரையைத்தான் சேர்க்கிறது. முயலின் வயிற்றில் எப்போதும் சிறிது மயிர் இருக்கும். குடல் தளர்ந்து நீர் வற்றும்போதுதான் அது இறுகிப் பந்தாகிறது.

உண்ணாமலும் புழுக்கை இடாமலும் 12 மணி நேரம் கடந்துவிட்டால், வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். வயிறு மத்தளம்போல் இறுகியிருந்தாலோ, முயல் துவண்டு கிடந்தாலோ, நீராகக் கழிந்தாலோ, 12 மணி நேரமும் காத்திராதீர்கள்; உடனே புறப்படுங்கள். இறுகிய வயிற்றைப் பிசைவதும், வாயைத் திறந்து உணவு திணிப்பதும் ஆபத்து. வலி தணிக்கும் மருந்தும், தோலின் கீழ் ஏற்றும் நீரும் மருத்துவரால்தான் தர இயலும். அவர் பரிசோதித்துச் சொன்ன பிறகே, வெந்நீரில் ஊறவைத்து மசித்த தீவனத்தை ஊசியில்லாத மருந்துக் குழலால், வாயின் ஓரத்தில், முயலை மல்லாத்தாமல், சிறிது சிறிதாகப் புகட்டலாம்.

ஒன்று சொல்ல மறந்தோம். கால்நடை மருத்துவர் எல்லாரும் முயலைப் பார்ப்பதில்லை. நாயும் பூனையும் மட்டும் பார்க்கும் மருந்தகங்களும் உண்டு. எந்த மருந்தகத்தில் பார்ப்பார்கள், இரவில் திறந்திருக்குமா என்பதை, முயல் நலமாக இருக்கும்போதே தொலைபேசியில் கேட்டு எழுதிக் கூண்டின்மேல் ஒட்டி வையுங்கள். செல்லும்போது கடைசியாக இட்ட புழுக்கைகளை ஒரு பையிலும், கடைசியாக உண்ட நேரத்தை ஒரு தாளிலும் கொண்டு செல்லுங்கள்.

இப்போது அறிவியல் மூலையில் சாம்பல் நிற முயலொன்று இருக்கிறது. கூண்டின் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. காலை மணி அடிக்குமுன் புழுக்கைகளைப் பார்த்து 'நிறைய', 'குறைவு', 'இல்லை' என்று மாணவர் எழுதுகின்றனர். விடுமுறை நாள்களில் முயல் முறைப்படி ஒரு மாணவரின் வீட்டுக்குச் செல்கிறது. அட்டையும் உடன் செல்கிறது.