வரிக்குதிரை மட்டி

வரிக்குதிரை மட்டி என்பது நன்னீரில் வாழும், விரல்நக அளவேயான இருவோட்டு மெல்லுடலி ஆகும். ஓட்டிலுள்ள வரிகளால் இப்பெயர் பெற்றது. கருங்கடல், காசுப்பியன் கடற் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இது, சரக்குக் கப்பல்கள் சமநிலைக்காக அடித்தொட்டிகளில் ஏற்றிவந்த நீருடன் வட அமெரிக்காவை அடைந்ததாகக் கருதப்படுகிறது. 1988 இல் கனடா - ஐக்கிய அமெரிக்க எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டு, விரைவில் பேரேரிகள் ஐந்திலும் பரவியது.

பொழுதுபோக்குகளில் தாக்கம்

இம்மட்டிகள் நூல் போன்ற இழைகளால் கடினமான பரப்புகளில் ஒட்டிக்கொள்ளும். படகின் அடிப்புறத்தில் ஒட்டினால் எரிபொருட் செலவு கூடும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர்க்குழாயை அடைத்தால் இயந்திரமே பழுதாகும். கரையொதுங்கும் கூரிய ஓடுகள் வெறுங்காலுடன் நீராடுவோரின் பாதங்களைக் கிழிக்கின்றன.

வளர்ந்த மட்டி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 1 லிட்டர் நீரை வடிகட்டி, மிதவை நுண்ணுயிர்களை உண்ணும். இதனால் ஏரிநீர் தெளிவடைகிறது. இத்தெளிவைத் தூய்மை எனக் கொள்வது தவறாகும். சூரிய ஒளி ஆழம்வரை செல்வதால் கிளாடோபோரா எனும் இழைப்பாசி பெருகி, கரையொதுங்கி அழுகி நாறுகிறது. கடற்கரை போன்ற மணற்பரப்புகளில் அமரவும் இயலாது. மீன்குஞ்சுகளின் உணவு குறைவதால் தூண்டில் மீன்பிடிப்போரும் பாதிக்கப்படுகின்றனர். மூழ்கிய கப்பல்களைக் காணச் செல்லும் முக்குளிப்போருக்குத் தெளிந்த நீர் வசதியே. ஆனால் அக்கப்பல்களையே மட்டிகள் மூடிவிட்டன.

பரவலும் தடுப்பும்

ஏரிவிட்டு ஏரி கொண்டுசெல்லப்படும் உல்லாசப் படகுகளே பரவலுக்கு முக்கியக் காரணம். இளவுயிரிகள் கண்ணுக்குப் புலப்படாதவை. படகினுள் தேங்கிய சிறிதளவு நீரே அவற்றுக்குப் போதும். வளர்ந்தவை ஈரமான இடத்தில் நீருக்கு வெளியே பல நாட்கள் உயிர்வாழும். எனவே படகைக் கழுவி, நீரை வடித்து, நன்கு உலர்த்திய பின்னரே வேறு நீர்நிலையில் இறக்க வேண்டும். பெரிய ஏரியில் நிலைபெற்றபின் இவற்றை முற்றாக ஒழிப்பது மிகவும் கடினம்.