கழுத்துத் தழும்பும் ஒரு ரத்தச் சோதனையும்

கேரளத்தில், ஆலப்புழைப் பக்கம் கயிறு திரிக்கும் பெண் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 42. கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. சோதித்துப் பார்த்தார்கள். தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். காயம் ஆறிவிட்டது. இப்போது தழும்புகூட மங்கிவிட்டது.

ஆனாலும் ஆறு மாதம் கழித்து ரத்தச் சோதனைக்கு வரச் சொல்கிறார்கள். விடியும் முன்பே ரயில் ஏற வேண்டும். அன்றைய கூலி போய்விடும்.

"கட்டியைத்தான் எடுத்தாச்சே. இன்னும் எதற்கு ஊசி?" என்று கணவர் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான்.

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கம் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல இருக்கும். இந்தச் சுரப்பி ஒரு புரதத்தைச் செய்கிறது. அதன் பெயர் தைரோகுளோபுலின். பெயர் நீளம்தான். இரண்டு முறை வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும். இதில் கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும்.

இந்தப் புரதத்தைத் தைராய்டு செல்கள் மட்டுமே செய்யும். உடம்பின் வேறு எந்தப் பகுதியும் செய்யாது. தைராய்டில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவையும் இதைச் செய்யும்.

இப்போது யோசியுங்கள். சுரப்பியை முழுவதும் எடுத்தாகிவிட்டது. மிச்சம் மீதி செல்களை அழிக்கச் சிலருக்குக் கதிரியக்க அயோடினும் கொடுப்பார்கள். மும்பையில் 1963-இல் தொடங்கிய கதிர்வீச்சு மருத்துவ மையம் இந்தச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. இவ்வளவும் செய்த பிறகு, ரத்தத்தில் தைரோகுளோபுலின் ஏறக்குறைய இல்லாமல் போக வேண்டும். இருந்தால், அதைச் செய்கிற செல் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அடுப்பு தெரியாவிட்டாலும் புகை தெரிகிறது அல்லவா? அதுபோலத்தான். கையால் தடவினால் தெரியாத சிறு கட்டியைக்கூட ரத்தம் முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடும்.

சோதனைச் சீட்டைக் கையில் வாங்கியதும் எண்ணைப் பாருங்கள். புள்ளியைக் கவனித்துப் படியுங்கள். 0.2 வேறு, 2 வேறு. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். சில சீட்டில் <0.2 என்று இருக்கும். காக்கை மூக்கு போன்ற அந்தக் குறிக்கு 'இதைவிடக் குறைவு' என்று பொருள். முழுச் சுரப்பியும் எடுத்து, அயோடினும் சாப்பிட்டவருக்கு இது நல்ல செய்தி. அளவை நானோகிராமில் சொல்வார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்.

ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே முக்கியம். அயோடின் சாப்பிட்ட பின் மெல்ல மெல்லத்தான் இறங்கும். பல மாதம் ஆகும். பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்தவருக்கு எண் கூடுதலாகவே இருக்கும். மீதிப் பாதி வேலை செய்கிறதே! அவர் தன் சீட்டை அடுத்த வீட்டுக்காரர் சீட்டோடு ஒப்பிடக் கூடாது.

நம் ஆலப்புழைப் பெண்ணுக்கு முதலில் 0.3 வந்தது. ஆறு மாதம் கழித்து 0.9. அடுத்த முறை 2.4. கழுத்தைத் தொட்டால் ஒன்றும் இல்லை. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மருத்துவர் கழுத்தை ஸ்கேன் செய்து பார்த்தார். பக்கவாட்டில் நெறிக்கட்டி ஒன்று சிறிதாக வீங்கியிருந்தது. சிறிதாக இருக்கும்போதே அதை எடுத்துவிட முடிந்தது. கூலியை நினைத்து வீட்டில் இருந்திருந்தால் அது வளர்ந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

இந்தச் சோதனை ஏமாற்றுவதும் உண்டு. நூறு பேரில் சுமார் 20 முதல் 25 பேருக்கு ரத்தத்தில் இன்னொரு பொருள் இருக்கும். அது தைரோகுளோபுலினை எதிர்க்கும் பொருள். அது இருந்தால் எண் பொய்யாகக் குறைந்து காட்டும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். இன்னொரு சோதனையும் கூடவே நடக்கும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டு. தைராய்டை வேலை வாங்குவது அதுதான். அதன் தூண்டுதல் கூடினால் மிச்சமுள்ள செல்லும் கிளம்பும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராய்டு மாத்திரை அந்தத் தூண்டுதலை அடக்கி வைக்கிறது. மாத்திரையைத் தானாக நிறுத்தினால் எண் மாறும், உடம்பும் கெடும்.

மெடுல்லரி என்று ஒரு வகைத் தைராய்டுப் புற்றுநோய் உண்டு. அதற்கு இந்தச் சோதனை உதவாது. அதற்குக் கால்சிடோனின் என்ற வேறு சோதனை. உங்களுக்கு வந்தது எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் ரத்தம் கொடுங்கள். இடம் மாறினால் கருவி மாறும், எண்ணும் மாறும். முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளைக் குழப்பும். சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சீட்டுகளைத் தேதி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். ஆலப்புழைப் பெண் அந்தப் பையை அரிசிப் பானைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறார். ரயில் ஏறும் நாளில் மறக்காமல் இருப்பதற்காக.