போனவர்களும் வருகிறவர்களும்

நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை என்றால் மஞ்சள் ஏலம். ஆர்.சி.எம்.எஸ். என்று எல்லோரும் சொல்லும் கூட்டுறவு விற்பனைச் சங்கத்துக்கு ஒடுவன்குறிச்சி, முள்ளுக்குறிச்சி, ஆயில்பட்டி, மங்களபுரம், தம்மம்பட்டி என்று சுற்றுவட்டார மூட்டைகளெல்லாம் வந்து சேரும். விரலி தனி, உருண்டை தனி, பனங்காளி தனி. வெட்டி, வேகவைத்து, களத்தில் உலர்த்தி, பாலிஷ் போட்டுக் கொண்டுவந்த கிழங்கை வெளியூர் வியாபாரிகள் விலை கூறி எடுத்துப் போவார்கள். ஊர்ப் பேரை வெளியே கொண்டுபோனவை இரண்டு: இந்த மஞ்சள், அப்புறம் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாகஸ்வரம். போதமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே கிடக்கும் இந்தச் சமவெளியிலிருந்து வெளியே போன மூன்றாவது சரக்கு ஒன்று உண்டு. அதைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது. ஆட்கள்.

தாது வருஷத்திலிருந்து தொடங்கலாம். 1876இல் பருவமழை பொய்த்தது, மறு வருஷமும் ஏமாற்றியது. அன்றைய சேலம் ஜில்லா இப்போதைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாவற்றையும் வளைத்துக்கொண்ட பெரிய ஜில்லா. 1871 கணக்கெடுப்பில் அங்கே 19,66,995 பேர். 1881இல் 15,99,595. பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் ஆள் குறைந்துவிட்டது. அடுத்த தலைமுறையின் பிறப்பில் கூட வேண்டிய தொகையையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு இன்னும் பெரியது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து சட்டம் பேசிவிட்டுப் போனார். நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு, அதுவும் நாள் முழுக்க மண் சுமக்கிற உடம்புக்கு.

இதைச் சொல்லும்போது எனக்கு அயர்லாந்து ஞாபகம் வருகிறது. அங்கே 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. 1841இல் 82 லட்சம் பேர் இருந்த தீவில் 1851இல் 65 லட்சம்தான் மிச்சம். சேலம் ஜில்லாவில் நூற்றுக்குப் பத்தொன்பது பேர் குறைந்தார்கள் என்றால் அயர்லாந்தில் நூற்றுக்கு இருபது. இரண்டு இடத்திலும் ஆண்டது ஒரே அரசு. சில சமயம் ஆளும் ஒருவரேதான்: அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணப் பணத்தை இறுக்கிப் பிடித்த சார்லஸ் டிரெவெல்யன், 1859இல் சென்னைக்கு கவர்னராக வந்தார். வருமான வரியை எதிர்த்ததற்காக அடுத்த வருஷமே திரும்ப அழைக்கப்பட்டார். நம் ஊரில் அவர் பேர் கெட்டதில்லை. அயர்லாந்தில் இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

பஞ்சத்துக்கு முன்பே கப்பல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. 1860களின் தொடக்கத்தில் சேலத்துக்கு ரயில் வந்தது, துறைமுகம் பக்கமாகிவிட்டது. சேலம் ஜில்லாக்காரர்களில் பெருங்கூட்டம் போனது இலங்கைக்கு. 'கண்டிச் சீமை' என்று இங்கே கிழவிகள் சொல்வது அதைத்தான். மொரீஷியசுக்குப் போனார்கள், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள், பிறகு மலாயாவுக்கு. இவையெல்லாம் இங்கிலீஷ்காரன் ஆண்ட நாடுகள். இன்னொரு சிறிய ஓடை உண்டு. அது புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாக பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனது: இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன், அட்லாண்டிக்குக்கு அப்பால் மார்ட்டினிக், குவாடலூப். கப்பல் ஏறிய இடம் பிரெஞ்சுக்காரருடையது என்றாலும் ஏறியவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் ஜில்லாக்களின் ஆட்கள். புதுச்சேரி மேஸ்திரிகள் உள்நாடெல்லாம் சுற்றி ஆள் பிடித்தார்கள். 1860, 1861இல் லண்டனும் பாரிசும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டபின் அதுவே சட்டபூர்வமான வியாபாரமும் ஆனது.

ஒரு ராஜாவின் குடிகள் இன்னொரு ராஜாவின் நாட்டில், தெரியாத மூன்றாவது மொழிக்குள் போய் விழுந்த கதை இது. அயர்லாந்துக்காரர்களுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன லட்சக்கணக்கானோரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நாற்பதாயிரம் பேருக்கு மேல் அர்ஜென்டினாவுக்குப் போனது அவ்வளவு தெரியாது. வெஸ்ட்மீத், லாங்ஃபோர்ட், வெக்ஸ்ஃபோர்ட் என்று மூன்றே மாவட்டங்களிலிருந்துதான் பெரும்பாலோர். பாம்பா புல்வெளியில் செம்மறி ஆடு மேய்த்து, ஆட்டில் பங்கு பெற்று, பங்கை நிலமாக்கி, பலர் பண்ணையாரே ஆனார்கள். அந்தோனி ஃபாஹி என்ற பாதிரியார் அவர்களுக்கு வங்கி, பஞ்சாயத்து, கல்யாணத் தரகர் எல்லாமாக இருந்தார். 1875இல் 'த சதர்ன் கிராஸ்' என்று ஆங்கிலப் பத்திரிகை தொடங்கினார்கள். அது இன்னும் வருகிறது, இப்போது ஸ்பானிஷில். சே குவேராவின் தந்தை பேரில் 'லிஞ்ச்' இருப்பது இவர்களுக்கும் முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டில் போன ஓர் அயர்லாந்துக்காரர் வழியில் வந்தது. 2022 உலகக் கோப்பையை வென்ற அர்ஜென்டினா அணியின் அலெக்சிஸ் மக் அலிஸ்டரின் தாய்மொழி ஸ்பானிஷ்தான், பேர் மட்டும் அயர்லாந்தைக் காட்டுகிறது.

எல்லாம் சுகமாகவே நடந்ததாக நினைக்க வேண்டாம். 1889இல் 'சிட்டி ஆஃப் டிரெஸ்டன்' என்ற கப்பலில் ஏறத்தாழ 1,800 பேரை ஏஜெண்டுகள் ஆசை காட்டி அழைத்துப் போய் புவெனஸ் ஐரெசில் இறக்கிவிட்டார்கள். தங்க இடமில்லை, சாப்பாடு இல்லை. குழந்தைகள் நிறையச் செத்தன. தெற்கே பாஹியா பிளாங்கா பக்கம் கொண்டுபோய்க் குடியேற்றிய கூட்டமும் இரண்டே வருஷத்தில் கலைந்துவிட்டது. அதோடு அயர்லாந்திலிருந்து அங்கே போவது ஏறக்குறைய நின்றது.

நம்மவர்கள் கதையில் இதுதான் வழக்கமாக நடந்தது. 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் மார்ட்டினிக் போய்ச் சேர்ந்தது. அதே கப்பல் அடுத்த வருஷம் டிசம்பரில் குவாடலூப் போனது. ஆப்பிரிக்க அடிமைகள் 1848இல் விடுதலையானதும் கரும்புக் காட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம், மாதம் ஆணுக்கு பன்னிரண்டரை பிராங்க், பெண்ணுக்குப் பத்து, அரிசியும் உப்புக் கருவாடும். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பக் கப்பல் செலவு இலவசம் என்று காகிதத்தில் இருந்தது. மார்ட்டினிக்குக்கு சுமார் 25,500 பேர் போனார்கள், பாதிகூடத் திரும்பவில்லை. குவாடலூப்புக்கு சுமார் 42,000 பேர் போனார்கள், திரும்பியவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. ரீயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். 1880களில் பிரிட்டிஷ் அரசே, நடத்தும் விதம் சரியில்லை என்று, இந்த வாசலை அடைத்தது. டெம்பிள் கூலியைப் பொறுத்துக்கொண்ட அரசுக்கே பொறுக்கவில்லை என்றால் எப்படி நடத்தியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போனவர்கள் எதைக் கொண்டுபோனார்கள், அதில் எது பிழைத்தது என்பதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. எழுத்து பிழைக்கவில்லை. பேச்சுத் தமிழும் இரண்டு மூன்று தலைமுறையில் போய்விட்டது. பள்ளிக்கூடம் பிரெஞ்சு, தெரு கிரியோல், ஞானஸ்நானத்தில் பிரெஞ்சு முதற்பெயர். சாமி பிழைத்தது: மாரியம்மன், மதுரை வீரன், கூடவே நாகூர் ஆண்டவர். மார்ட்டினிக்கிலும் குவாடலூப்பிலும் நாகூராருக்குக் கொடி ஏற்றிவிட்டுத்தான் மாரியம்மனுக்குக் கிடா வெட்டுகிறார்கள். இந்த மத ஒற்றுமை குறித்து அங்கே யாரும் மாநாடு கூட்டவில்லை. ரீயூனியனில் பாஞ்சாலிக்குத் தீமிதி நடக்கிறது. பூசாரிகள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பாட்டை மனப்பாடமாகவே பாடி வந்திருக்கிறார்கள், பலருக்குச் சொல்லின் அர்த்தம் தெரியாமலே.

வாத்தியத்திலும் இந்தக் கணக்கு உண்டு. அந்தத் தீவுகளில் வேர் விட்டது தப்பு மேளம். கிருஷ்ணன் வாசித்த நாகஸ்வரம் கோயில் மானியத்தையும் மிராசையும் சார்ந்த வாத்தியம். மேஸ்திரி பிடித்துக்கொண்டு போன கூட்டத்தில் மானியக்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சேரிகளிலிருந்தும் நிலமில்லாக் குடிகளிலிருந்தும் போனவர்கள் தங்கள் கையில் இருந்ததையே கொண்டுபோனார்கள்.

மஞ்சளும் பிழைத்தது. குவாடலூப்பில் 'கொலம்போ' என்றால் ஆட்டுக்கறிக் குழம்பு. மஞ்சள், மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு சேர்த்த பொடி. தமிழ் வம்சம் மட்டும் சமைப்பது என்ற நிலை எப்போதோ போய், கறுப்பர், வெள்ளையர் எல்லார் வீட்டிலும் அது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. கடைகளில் பொட்டலமாகவே கிடைக்கிறது. முத்துசாமி, வீராசாமி, லட்சுமணன் என்ற பேர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நெளிந்து குடும்பப் பேராகிவிட்டன. குவாடலூப்பில் எர்னஸ்ட் முத்துசாமி பாரிஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் சேன் ஃபிரான்ஸ்வா நகர மேயராகவும் இருந்தார்; எழுத்தாளரும்கூட. ரீயூனியனில் ஜான்-பால் வீராப்பிள்ளை சேன் ஆந்த்ரே நகரத்தின் மேயராக நெடுங்காலம் இருந்தார்.

இவ்வளவும் அவர்கள் பக்கம். நம் பக்கம் என்ன மிச்சம்? ஏலக் களத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, தாது வருசத்துல இங்கிருந்து கப்பலேறிப் போனவங்க சொந்தம் யாராச்சும் இருக்குதுங்களா?"

"கண்டிக்குப் போனவங்கன்னா எங்க அப்பத்தா சொல்லும். தேயிலைத் தோட்டத்துல இருந்து அவங்கள்ல கொஞ்சம் பேரு சாஸ்திரி காலத்துக்கப்புறம் திரும்பியும் வந்தாங்க. அதுக்கு அந்தாண்ட போனதெல்லாம் யாருக்குங்க தெரியும்?"

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெஸ்ட்மீத்தில் அர்ஜென்டினா உறவுகளை இன்றும் சொல்வார்கள், அர்ஜென்டினா கடற்படையை உருவாக்கிய வில்லியம் பிரவுனுக்கு அவர் பிறந்த மேயோ மாவட்டத்து ஃபாக்ஸ்ஃபோர்டில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அயர்லாந்துக்காரர்கள் ஞாபகசாலிகள், தமிழர்கள் மறதிக்காரர்கள் என்று இதற்கு விளக்கம் சொல்ல நான் தயாராக இல்லை. அங்கே போனவன் கடிதம் எழுதினான், பணம் அனுப்பினான், தம்பியையும் மச்சானையும் வரவழைத்தான். ஆடும் நிலமும் கையில் இருந்ததால் அது முடிந்தது. மார்ட்டினிக் கரும்புக் காட்டில் இருந்தவனுக்கு எழுதவும் தெரியாது, எழுதிக் கொடுக்க ஆளும் கிடையாது. அவன் போன அன்றே வீட்டுக்காரர்களுக்குச் செத்தவன் மாதிரி. அதோடு ஊரில் நிலம் இருந்தவன் கதையைத்தான் ஊர் கதையாகச் சொல்லும். போனவர்களுக்கு ஊரில் நிலமும் இல்லை, கதை சொல்ல மிச்சமிருந்த குடும்பமும் பஞ்சத்தில் சிதறியிருக்கும். நேட்டால் கப்பல் பட்டியல்களில் பேர், தகப்பன் பேர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்தது வெள்ளைக்கார அரசின் எழுத்தர். இன்று ஊர் தேடி வரும் கொள்ளுப்பேரன்கள் அந்தத் தழும்பு விவரத்தை வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

இப்போது நாமக்கல் வட்டாரம் வேறு மாதிரி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போர் போடுகின்றன, ஆப்பிரிக்கா வரை போகின்றன. நாமக்கல் முட்டை வளைகுடாவுக்குப் போகிறது. ராசிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூருக்கும் டெக்சாசுக்கும் போகிறார்கள். வாட்ஸ்அப்பில் தினமும் முகம் பார்க்கிற இந்தப் போக்கை பஞ்சத்தோடு ஒப்பிட முடியாது. எதிர்த் திசையில், கோழிப் பண்ணையிலும் ஜவ்வரிசி ஆலையிலும் நூல் மில்லிலும் வேலைக்கு ஆள் பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வருகிறது. ஏஜெண்டு முன்பணம் கொடுக்கிறார், ரயில் ஏற்றிவிடுகிறார். பண்ணைக்குள்ளேயே தகரக் கொட்டகையில் குடும்பம். ஆளை அனுப்பிய சமவெளி ஆளை வாங்கும் சமவெளியாகிவிட்டது. அயர்லாந்திலும் இதேதான்: கால்வே மாவட்டத்து கார்ட் என்ற சின்ன ஊரின் இறைச்சித் தொழிற்சாலைக்கு 1990களின் கடைசியில் பிரேசில்காரர்கள் வந்து, ஊரில் கணிசமானோர் போர்ச்சுகீசியம் பேசுகிறவர்களாகிவிட்டார்கள். 2017இல் அந்த நாட்டுப் பிரதமரான லியோ வராட்கரின் தந்தை மும்பைக்காரர்.

வருகிறவர்களைப் பற்றி இங்கே டீக்கடையில் நடக்கும் பேச்சு எனக்குக் கொஞ்சம் பழகிய பேச்சாகப் படுகிறது. குறைந்த கூலிக்கு வந்துவிடுகிறார்கள், கூட்டமாக இருக்கிறார்கள், நம் பாஷை தெரியவில்லை. விடுதலையான ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் மார்ட்டினிக்கில் நம்மவர்களைப் பற்றிச் சொன்னதும் இதுதான். கூலியை உடைக்க வந்தவர்கள் என்ற கோபம் நியாயமாகவே அவர்களுக்கு இருந்தது. கூலியை உடைத்தவன் தோட்ட முதலாளி என்பது இரண்டு பக்கத்துக்கும் உறைக்க வெகுகாலம் ஆனது.

2025இல் தமிழ்நாட்டில் ஒரு வாதம் சூடாக நடந்தது: வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே வாக்காளர் பட்டியலில் சேர்க்கலாமா கூடாதா என்று. குவாடலூப்பில் 1904இல் இதே போன்ற வழக்கை நடத்தியவர் ஹென்ரி சிதம்பரம். 1863இல் கப்பெஸ்தேரில் பிறந்த கூலி வம்சத்துக்காரர். தீவில் பிறந்த இந்தியப் பிள்ளைகளின் பேர்களை வாக்காளர் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்றார். இவர்கள் பிரிட்டிஷ் குடிகள், பிரெஞ்சுக்காரர்கள் அல்ல என்று கவர்னர் தரப்பு மறுத்தது. சிதம்பரம் விடவில்லை. 1923இல் முடிவு அவர் பக்கம் வந்தது, முதல் கப்பல் குவாடலூப்பில் ஆள் இறக்கி 68 வருஷத்துக்கும் மேல் கழித்து.