எல்லா சிக்னலும் சேர்ந்து சிவப்பாக விழுமா?

சென்னை ஐஐடியின் 'சக்தி' புராசஸர் 2018இல் இரண்டு ஆலைகளில் சிப்பானது. ஒன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், இன்டெல் ஆலையில், 22 நானோமீட்டர் நுட்பத்தில் வந்த ரைஸ்கிரீக். மற்றது மொகாலியில் உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் வந்த ரிமோ. சிலிக்கானில் ஏறிவிட்டால் ஒரு டிரான்சிஸ்டரைக்கூட இடம் மாற்ற முடியாது. சொன்ன வேகத்தில் சிப் ஓடுமா என்பதை, வடிவமைப்புக் கோப்பு ஆலைக்குப் போகும் முன்பே கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் மென்பொருள்தான் டைமர்.

சிப்புக்குள் ஃப்ளிப்-ஃப்ளாப் என்னும் சிறு நினைவுப் பெட்டிகள் லட்சக்கணக்கில் உண்டு. ஒன்றிலிருந்து கிளம்பும் சிக்னல், நடுவில் உள்ள கேட் என்னும் சிறு தருக்கச் சுற்றுகளையெல்லாம் கடந்து, கடிகாரத்தின் அடுத்த துடிப்புக்குச் சற்று முன்னதாகவே இன்னொன்றை அடைந்துவிட வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் சிப் என்றால் இதற்குக் கிடைப்பது 10 நானோ வினாடி. மிச்சப்படும் நேரத்துக்கு ஸ்லாக் என்று பெயர். அது மைனஸில் போனால் டைமிங் க்ளோஸ் ஆகவில்லை என்று பொருள். டிசைன் குழுவுக்கு அன்று தூக்கம் கிடையாது.

ஒரு கேட் எவ்வளவு தாமதிக்கும் என்று டைமருக்கு எப்படித் தெரியும்? 1970களில் பெர்க்லியில் பிறந்த ஸ்பைஸ் மென்பொருள், மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் மாறுவதைச் சமன்பாடு சமன்பாடாகத் தீர்த்துத் துல்லியமாகச் சொல்லிவிடும். ஆனால் பத்து லட்சம் கேட்டுகளுக்கு அப்படிச் செய்ய உட்கார்ந்தால் விடியாது. அதனால் ஒவ்வொரு வகைக் கேட்டையும் ஒருமுறை ஸ்பைஸில் ஓட்டி, விடைகளை அட்டவணையாக எழுதிவைக்கிறார்கள். உள்ளே வரும் சிக்னல் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது ஒரு பக்கம், வெளியே எவ்வளவு மின்தேக்கச் சுமை தொங்குகிறது என்பது இன்னொரு பக்கம். டைமர் வாய்ப்பாடு பார்ப்பதுபோல் இதைப் பார்த்து, இடைப்பட்ட மதிப்புகளை ஊகித்துக்கொள்கிறது. கம்பிகளின் தாமதத்துக்கு எல்மோர் என்பவர் 1948இல் தந்த சூத்திரம் இன்றும் உதவுகிறது. அவர் எழுதியது ஆம்ப்ளிஃபையர்களுக்காக. ஐசி எனப்படும் ஒருங்கிணைந்த மின்சுற்று பிறக்க அப்போது இன்னும் பத்தாண்டு இருந்தது. அந்தச் சூத்திரம் பல நேரங்களில் தாமதத்தைக் கூட்டித்தான் காட்டும். குறைத்துக் காட்டுவதைவிட அது தேவலை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே சிப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், ஒரே வரைபடத்தில் பிறந்த இரண்டு கேட்டுகள்கூட ஒன்றுபோல் நடப்பதில்லை. ஒன்று 100 பைக்கோ வினாடி எடுத்தால், இன்னொன்று 108 எடுக்கும். பழைய முறை இதற்குச் செய்தது, ஒவ்வொரு கேட்டுக்கும் மிக மோசமான மதிப்பை எடுத்துக் கூட்டிவிடுவது. மயிலாப்பூர் லஸ் கார்னரிலிருந்து மந்தைவெளி, அடையாறு, மத்திய கைலாஷ் வழியாக ஐஐடி வாசலுக்கு வருகிறவர், வழியிலுள்ள அத்தனை சிக்னலும் சிவப்பாகவே விழும் என்று வைத்து வீட்டை விட்டுக் கிளம்புவதற்குச் சமம் இது. தாமதமாகாது, உண்மைதான். ஆனால் தினமும் அரை மணி நேரம் வாசலில் நிற்பார்.

எவ்வளவு வீணாகிறது என்று எண்ணிலேயே பார்க்கலாம். ஒரு பாதையில் 16 கேட்டுகள். ஒவ்வொன்றின் சராசரி 100 பைக்கோ வினாடி, திட்ட விலக்கம் 10. மூன்று விலக்கத்தைச் சேர்த்து ஒவ்வொன்றையும் 130 என்று வைத்தால் மொத்தம் 2080. சிப் சுமார் 480 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடாது. ஆனால் கேட்டுகளின் ஏற்ற இறக்கம் ஒன்றோடொன்று தொடர்பில்லாதது என்றால், மொத்த விலக்கம் 160 ஆகாது. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க, 40தான் வரும். 1600உடன் மூன்று நாற்பதைக் கூட்டினால் 1720. அதே சிப் 580ஐத் தொடுகிறது! ஒரு டிரான்சிஸ்டரைக்கூடத் தொடவில்லை. கணக்கை மட்டும் மாற்றினோம்.

இந்தக் கணக்கைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சந்து விஸ்வேஸ்வரையா. 1985இல் சென்னை ஐஐடியில் மின்பொறியியல் முடித்து, கார்னகி மெலனில் முனைவர் பட்டம் பெற்று, ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தவர். 2004இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையில் ஒவ்வொரு தாமதமும் வெறும் எண்ணாக இல்லாமல் ஒரு சிறு கோவையாக வருகிறது. முதலில் சராசரி, பிறகு மின்னழுத்தம், வெப்பம், உலோக அடுக்கின் தடிமன் போன்ற பொதுக் காரணம் ஒவ்வொன்றுக்கும் அது எவ்வளவு அசைந்துகொடுக்கும் என்ற அளவு, கடைசியில் அந்தக் கேட்டுக்கே உரிய தனி ஏற்ற இறக்கம். பாதையில் போகப்போகப் பொதுப் பங்குகள் நேராகக் கூடும், தனிப் பங்குகள் வர்க்கமூலத்தில் கூடும். எது பொது, எது தனி என்று பிரிப்பதில்தான் துல்லியமே இருக்கிறது. பொதுவானதைத் தனி என்று எண்ணிவிட்டால் மேலே நாம் கண்ட 580 வெறும் கனவு.

இரண்டு பாதைகள் சேரும் இடத்தில் பிந்தி வருவதை எடுக்க வேண்டும். தாமதங்களின் பரவலைக் காட்டும் இரண்டு மணி வடிவ வளைவுகளில் பெரியதை எடுத்தால் விடை மணி வடிவில் வராது. அதைச் சமாளிக்க, பெர்ட் என்னும் திட்ட மேலாண்மை முறையை வகுத்தவர்களில் ஒருவரான கிளார்க் 1961இல் தந்த தோராயச் சூத்திரம் கைகொடுத்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கேட்டுகள் கொண்ட சிப்புகளில் விஸ்வேஸ்வரையா குழுவினர் இதை ஓட்டிக் காட்டினார்கள்.

முழு முறை எல்லா இடத்திலும் வேரூன்றவில்லை. அதன் சாரம் மட்டும் இன்றைய கேட் அட்டவணைகளுக்குள் புகுந்துவிட்டது: சராசரித் தாமதத்துக்குப் பக்கத்திலேயே விலக்கத்துக்கும் ஓர் அட்டவணை. மின்சாரத்தை மிச்சப்படுத்த மின்னழுத்தத்தைக் குறைக்கக் குறைக்க, வளைவு ஒரு பக்கமாக நீண்டு மணி வடிவத்தையே இழக்கிறது. அதனால் இப்போது அந்தச் சாய்வுக்கும் தனி அட்டவணை வந்திருக்கிறது. இவற்றை நிரப்ப ஒவ்வொரு கேட்டையும் ஸ்பைஸில் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியிருப்பதால், சில நிலைகளில் மட்டும் ஓட்டிவிட்டு மீதியை இயந்திரக் கற்றலால் ஊகிக்கும் மென்பொருள்களும் சந்தைக்கு வந்துவிட்டன.