ஒரு டிஸ்க் போனாலும் சர்வர் எழுமா? தானியங்கி லினக்ஸ் இன்ஸ்டாலில் மறந்துபோகும் ஒரு வரி

20 சர்வர்களில் லினக்ஸ் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றின் முன்பும் உட்கார்ந்து மொழி, பாஸ்வேர்டு, டிஸ்க் பிரிப்பு என அதே கேள்விகளுக்கு அதே பதிலைத் தட்டினால் நாள் போய்விடும். எங்காவது கையும் தவறும்.

அதனால்தான் பதில்களை முன்பே ஒரு ஃபைலில் எழுதி வைக்கிறார்கள். ரெட் ஹாட்டில் இதன் பெயர் கிக்ஸ்டார்ட். டெபியனில் பிரீசீட். உபுண்டு சர்வரில் 20.04 பதிப்பு முதல் ஆட்டோஇன்ஸ்டால்.

ரெய்டு 1 என்றால் என்ன?

ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது; அவ்ளோதான். இரண்டு 1 டிபி டிஸ்க் போட்டால் கிடைப்பது 1 டிபி இடம்தான். ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைத் தொடரும். சாஃப்ட்வேர் ரெய்டில் இதை லினக்ஸ் கெர்னலே பார்த்துக்கொள்ளும். தனி கார்டு வேண்டாம்.

சிக்கல் எங்கே?

சர்வரை எழுப்பும் பூட்லோடர் பொதுவாக ரெய்டுக்கு வெளியே இருக்கும். பயாஸ் மெஷினில் டிஸ்க்கின் தொடக்கத்தில். யுஇஎஃப்ஐ மெஷினில் ஈஎஸ்பி என்ற தனிப் பகுதியில். அது முதல் டிஸ்க்கில் மட்டும் இருந்து, அந்த டிஸ்க் செத்துப்போனால்? ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் ஓடும். அடுத்த ரீஸ்டார்ட்டில் எழாது. டேட்டா முழுசா இருக்கும், ஆனா சேவை நின்றிருக்கும். ஒரே ஃபைலில் ஏற்றியதால் 20 சர்வர்களிலும் இதே ஓட்டை.

ஃபைலில் என்ன கவனிக்க வேண்டும்?

* பூட்லோடரை இரண்டு டிஸ்க்கிலும் போடச் சொல்லுங்கள். பிரீசீடில் கிரப் போக வேண்டிய இடமாக இரண்டு டிஸ்க் பெயரையும் எழுதலாம். யுஇஎஃப்ஐ என்றால் இரண்டாவது டிஸ்க்கிலும் ஈஎஸ்பி வேண்டும்.
* எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களை நம்ப வேண்டாம். ஒரு யுஎஸ்பி செருகியிருந்தாலே வரிசை மாறலாம். தவறான டிஸ்க் அழிந்துவிடும். வசதி உள்ள இடத்தில் சீரியல் எண்ணால் குறிப்பிடுங்கள்.
* டிஸ்க் பழுதானால் மெயில் வரும்படி எம்டிஏடிஎம் கண்காணிப்பை அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு டிஸ்க் போனதே தெரியாமல் மாதங்கள் ஓடும்.

சோதிப்பது எப்படி?

முதல் முறை இரண்டு டிஸ்க்கும் முழுதாக ஒத்திசையும் வரை காத்திருங்கள். சர்வரை அணைத்து, முதல் டிஸ்க்கைக் கழற்றி எழுப்பிப் பாருங்கள். திரும்பச் சேர்த்து, ஒத்திசைவு முடிந்ததும் இரண்டாவதைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு முறையும் எழுந்தால்தான் அந்த ஃபைலை மற்ற சர்வர்களுக்குக் கொண்டுபோகலாம்.

ரெய்டு பேக்கப் ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும். தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டு டிஸ்க்கிலிருந்தும் ஒன்றாகவே போய்விடும்.