கடற்கரைக் கூரைகள் நலிவுறுதல்: வல்வெட்டித்துறையை முன்வைத்து ஒரு நோக்கு

கூரை பழுதடைவதற்கு அதன் முதுமையே காரணம் எனப் பொதுவாகக் கொள்வர். ஆயின், ஒரே வயதுடைய இரு கூரைகளுள் ஒன்று உறுதியுடன் நிற்க, மற்றையது ஒழுகுவதை நாம் காண்கின்றோம். காலம் தானாக எதனையும் அழிப்பதில்லை. காலத்தினூடே தொழிற்படும் பௌதிக, இரசாயன மாற்றங்களே அழிக்கின்றன. அம்மாற்றங்கள் எவை, அவை கூரையின் எவ்வுறுப்பை முதலிற் தாக்குகின்றன என்பனவற்றை வல்வெட்டித்துறையின் வீட்டுக் கூரைகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த இவ்வூரில் கூரையைத் தாக்குவன மூன்று: வெயில், நீர், உப்பு. சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் இங்கு நேர் உச்சிக்கு வருகின்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான குறுகிய பருவத்திலேயே பெய்துவிடுகின்றது. அப்பருவத்து வாடைக்காற்று கடலிலிருந்து நேரே வீசுவதால், அலைத்துளிகளில் உள்ள உப்பும் கூரையிற் படிகின்றது. தூய சோடியம் குளோரைட்டு, சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்ததும் காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துக் கரைசலாகும். கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டு இதனினும் மிகக் குறைந்த ஈரப்பதனிலேயே நீரை ஈர்க்கும். ஆகவே உப்புப் படிந்த கூரை, மழையில்லாத நாள்களிலும் இரவில் நனைந்து பகலிற் காய்கின்றது. இந்நனைதலும் காய்தலும் இடையறாது நிகழ்தலே கடற்கரைக் கூரைக்குரிய தனித் துன்பமாகும்.

எக்கூரையாயினும் அதனை இரு கூறாக வகுத்து நோக்கலாம். ஒன்று கூரையின் உடல். மற்றையது அவ்வுடலைப் பிணைத்தோ போர்த்தோ காக்கும் கூறு. உடல் நெடுங்காலம் நிலைக்க, காக்கும் கூறே முந்தி அழிகின்றது என்பது நமது கருத்தாகும். கிடுகும் பனையோலையும் வேய்ந்த கூரை மட்டும் இதற்கு ஓரளவு விலக்கு. அதன் உடலே விரைவில் உக்குவதால், சில ஆண்டுகளுக்கொருமுறை புதிதாக வேயவேண்டும் என்பதை முன்னோர் விதியாகவே ஏற்றிருந்தனர்.

ஓட்டுக் கூரை இதற்கு மாறானது. மங்களூரில் பாசல் மிஷன் 1865ஆம் ஆண்டில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவியபின் தென்னிந்தியக் கரையெங்கும் பரவிய அச்சோடு, பாக்கு நீரிணையின் இக்கரைக்கும் வந்தது. நன்கு வெந்த களிமண்ணை வெயில் வருத்துவதில்லை. குறைய வெந்த ஓட்டின் நுண்டுளைகளிற் புகுந்த உப்பு, பளிங்காகும்போது உள்ளிருந்து நெருக்கி ஓட்டின் மேற்புறத்தைப் பொருக்காக உதிர்க்கும். ஆயினும், பெரும்பாலான ஓட்டுக் கூரைகள் ஓட்டினால் அழிவதில்லை. முகட்டோடுகளைப் பிணைக்கும் சாந்து, வெப்பத்தால் விரிந்து சுருங்கி வெடிக்கின்றது. அவ்வெடிப்பூடாக ஒழுகும் நீர் சலாகையை நனைக்கின்றது. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேல் நீடிக்குமாயின் பூஞ்சணம் அதனை உக்கச் செய்யும். வைரம் பாய்ந்த பனை நெடுங்காலம் தாங்கும். வைரமற்ற பகுதி விரைவில் இற்றுப்போம். சலாகையை இறுக்கிய இரும்பாணியோ துருவேறிப் பருத்து மரத்தைப் பிளக்கின்றது.

தகரக் கூரையிற் காக்கும் கூறு, இரும்பின்மேற் பூசிய நாகப் படையாகும். நாகம் தான் முந்தி அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கின்றது. அது தீர்ந்தபின் இரும்பு விரைந்து துருவேறும். மழை கழுவும் மேற்புறத்தை விட, மழை படாத அடிப்புறமும் தகடுகள் ஒன்றன்மேலொன்று படியும் ஓரங்களும் முதலிற் கெடுகின்றன. அங்கு உப்பு கழுவப்படாது தேங்குதலே அதற்குக் காரணம்.

இவ்விதி உப்புக்காற்று அற்ற நிலத்துக்கும் பொருந்தும். வடமராட்சியிலிருந்து புலம்பெயர்ந்தோர் பலர் வாழும் கனடாவில், வீட்டுக் கூரைகள் பெரிதும் நிலக்கீல் ஓடுகளால் ஆயவை. கண்ணாடி நாரால் ஆன பாயில் தார் எனப்படும் நிலக்கீலை ஏற்றி, அதன்மேற் கல்மணிகளைப் பதித்து அவற்றை ஆக்குவர். ஊதாக்கடந்த கதிர்களும் ஒட்சிசனும் தாக்க, நிலக்கீல் தன் நெகிழ்ச்சியை இழந்து இறுகி வெடிக்கின்றது. கதிர்களைத் தடுக்கும் கல்மணிகள் உதிர்ந்து பீலியிற் சேர்வதே அழிவின் முதல் அறிகுறியாகும். பின்னர் வெடிப்பிற் புகுந்த நீர் பனிக்காலத்தில் உறைந்து விரிந்து அதனை மேலும் அகலிக்கும். மரக்கலத்திற் பூசிய கீல் காய்ந்தால் மீளப் பூசவேண்டும் என்பதை அறிந்த கடலோடிகளின் வழிவந்தோர்க்கு இது புதுமையன்று.

அஸ்பெஸ்டஸ் என வழங்கும் கல்நார்ச் சீமெந்துத் தகட்டின் நிலை தனியே நோக்கற்பாலது. இங்கு நாரைப் பிணைத்து நிற்பது சீமெந்து. மழைநீர் சீமெந்திலுள்ள சுண்ணத்தைச் சிறிது சிறிதாகக் கரைக்க, மேற்புறத்தில் நார்கள் வெளிப்படுகின்றன. ஏனைய கூரைகள் நலிந்தால் வீடு கெடும். இது நலிந்தால் மனிதரின் நுரையீரலும் கெடக்கூடும். கல்நார் வகைகள் அனைத்தும் மனிதரிற் புற்றுநோயை விளைப்பன என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. நாரைச் சுவாசித்துப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே நோய் வெளிப்படுவதால், தீங்கு உடனே உணரப்படுவதில்லை. 1987, 1989ஆம் ஆண்டுகளிலும் பின்னரும் போரின் அழிவைக் கண்ட மண்ணில், உடைந்த தகட்டை வெறும் இடிபாடாகக் கருதி நொறுக்கிப் பள்ளம் நிரப்புதல் தகாது. அதனை உலர்ந்த நிலையில் அறுத்தலும் பெருக்குதலும் தவிர்க்கப்படல் வேண்டும். நனைத்து, உடையாது கழற்றி, பொதிந்து அகற்றுதலே முறை.

வாடைமழைக்கு முன் கூரையேறிப் பார்த்து, உடைந்த ஓட்டை மாற்றி, முகட்டுச் சாந்தைத் திருத்தும் பழைய வழக்கு, காக்கும் கூறு முந்தி அழியும் என்னும் உண்மையின்பாற்பட்டதே. ஆளற்ற வீடுகளில் இவ்வழக்கு அற்றுப்போகின்றது. அங்கு ஓர் ஓடு விலகச் சலாகை உக்கும். சலாகை உக்க அயல் ஓடுகள் சரியும். பின்னர் கைமரமும் சுவரும் நனையும். கடல் கடந்து வாழும் உரிமையாளர், கூரை விழுந்தபின் அனுப்பும் பெரும்பணத்தினும், ஆண்டுதோறும் ஆவணியில் ஒருவரைக் கூரையேற்றிப் பார்க்கச் செய்யும் சிறுபணமே வீட்டைக் காக்கும் என்பது ஈண்டு வற்புறுத்தத்தக்கது.